முடிச்சு விழாத கயிறு

ஐந்து இனத்தாரின் எல்லையும் வந்து முட்டுகிற இடம் ஒன்று அந்த மலையில் உண்டு. வடக்கே பூதர், கிழக்கே அரக்கர், மேற்கே நாகர், தெற்குச் சரிவில் இயக்கர், நடுவில் கிடக்கும் சோலைகளில் கின்னரர். இவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போடாத மாதம் கிடையாது. எதற்குச் சண்டை என்று கேட்டால் ஐந்து பேரும் ஐந்து காரணம் சொல்வார்கள், ஐந்தும் நியாயமாகத்தான் இருக்கும். அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.

எல்லைகள் முட்டுகிற அந்த மேட்டில் ஒரு புண்சாலை இருந்தது. அடிபட்டவர்களைக் கிடத்தி வைத்தியம் பார்க்கிற இடம். அதை நடத்தியவள் எயினி. மனுஷிதான். வயது நாற்பதுகூட ஆகவில்லை. பச்சிலை அரைத்து அரைத்து உள்ளங்கை இரண்டும் எப்போதும் பச்சையாக இருக்கும். ஐந்து இனத்து உடம்பிலும் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

சாலைக்கு ஒரே ஒரு சட்டம். வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டால் யாராக இருந்தாலும் வைத்தியம் உண்டு. யார் அடித்தது, யார்மேல் தப்பு என்ற பேச்செல்லாம் வாசலுக்கு வெளியே.

அவளுக்கு ஒரு சிஷ்யர் இருந்தார். சிஷ்யர் என்றதும் மீசை முளைக்காத பிள்ளை யாரையோ நினைத்துக்கொள்ளாதீர்கள். தித்தருக்கு ஐம்பத்து நாலு வயது. குன்றெயில் என்ற ஊரில் இருபது வருஷம் படைத்தலைவராக இருந்தவர். வலது முழங்கால் மடங்காது. வந்த அன்றே நெடுஞ்சாண்கிடையாக எயினியின் காலில் விழுந்தார். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் இப்படிச் செய்ததும் அவள் பதறிப்போய் நாலடி பின்னால் நகர்ந்தாள்.

"கற்றுக்கொள்ள வந்தேன், அம்மா."

"எதை?"

"இந்த ஐந்து பேரில் யார் பெரிய வீரர் என்று."

எயினி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வைத்தியம் கற்க வந்தீர்கள் என்று நினைத்தேன்."

"என் ஊருக்கு வேண்டியது இதுதான், அம்மா. வடக்கு அரசன் படை மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் மதிலை வந்து சூழ்ந்தது. ஆற்றில் வெள்ளம் வந்ததால் திரும்பிப் போனார்கள், நாங்கள் தலைதப்பினோம். மறுபடி வருவார்கள். இந்த ஐந்து இனத்தில் ஒன்றோடு காவல் சத்தியம் செய்துகொள்வது என்று ஊர்ச் சபை முடிவு செய்திருக்கிறது. சத்தியம் ஒருவரோடுதான் செய்யலாம். செய்துவிட்டால் மற்ற நாலு பேரும் மூன்று தலைமுறைக்குப் பகை. தப்பான பேரைச் சொன்னால் திருத்த முடியாது. அந்தப் பேரைச் சொல்லும் பொறுப்பை என் தலையில் வைத்திருக்கிறார்கள்."

"அதற்கு என்னிடம் ஏன் வந்தீர்கள்?"

"ஐந்து பேர் உடம்பையும் தொட்டுப் பார்த்தவர் வேறு யார் இருக்கிறார்கள்?"

எயினி முற்றத்துத் தொட்டியைக் கை காட்டினாள்.

"அந்தத் தொட்டியில் தண்ணீர் இல்லை. முதலில் அதை நிரப்புங்கள்" என்றாள்.

பதினோரு மாதம் தித்தர் தொட்டியை நிரப்பினார். கட்டுத்துணி அலசினார், மருந்து இடித்தார். பொழுது போய்க் கைகால் கழுவும் நேரத்தில் தினமும் கேள்வியைக் கேட்டுவிடுவார். பூதருக்கும் நாகருக்கும் சண்டை வந்தால் யார் ஜெயிப்பார் என்பார். அவள், "இந்தத் துணியின் அந்த முனையைப் பிடியுங்கள், பிழிய வேண்டும்" என்பாள். பிடிப்பார். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பதினோரு மாதத்தில் தித்தர் பார்த்ததெல்லாம் மனிதக் கண்ணுக்குக் கிடைக்கிற காட்சி இல்லை.

முதல் பூதரைக் கொண்டுவந்த அன்று தோளில் இருந்த குடத்தைக் கீழே போட்டு உடைத்துவிட்டார். பன்னிரண்டு பூதர் சேர்ந்து தூக்கி வந்தார்கள். அவர்கள் நடந்து வரும்போது சாலையின் ஓடுகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. கூரைக்குள் கிடத்த முடியாது, முற்றத்துப் பாறையில்தான் கிடத்தினார்கள். தோளில் இருந்த காயத்தைக் கழுவ தித்தர் ஏணி போட்டு ஏறினார். உள்ளே எலும்பு தெரிந்தது, ஊர்க் கோயிலின் தூண் பருமன் இருக்கும். எயினி கயிற்றைக் கோத்துத் தைத்தாள். பூதர் முனகக்கூட இல்லை. கண்ணோரத்தில் மட்டும் ஒரு சிரட்டைத் தண்ணீர் திரண்டு பாறையில் விழுந்தது. தித்தர் ஏணியிலேயே கைகூப்பிவிட்டார்.

நாகர் ஒருவர் முதுகெலும்பு மூன்று இடத்தில் முறிந்து வந்தார். இடுப்புக்கு மேலே மனித உருவம், கீழே பன்னிரண்டு முழம் பாம்பு. ஒரே பகலில் பழைய தோலை முழுக்க உரித்துப் போட்டுவிட்டுப் புது உடம்போடு எழுந்து உட்கார்ந்தார். ஈரத் தோலில் வெயில் பட்டதும் சாலைச் சுவரெல்லாம் பச்சையும் நீலமுமாக ஆடியது.

இயக்கரைக் கண்ணால் பார்க்கவே முடியாது. பாய் அமுங்கியிருக்கும், அவ்வளவுதான் அடையாளம். காயத்தைக் கையால் தடவித்தான் தேட வேண்டும். உள்ளங்கை நனையும்போது இங்கே ரத்தம் என்று தெரியும். ஒரு தடவை தித்தரின் கைக்கு அடியில், வெறும் காற்றுக்குள், ஒரு நெஞ்சு துடித்தது.

கின்னரர் விஷயத்தில்தான் அவருக்கு மனசு ஒட்டவில்லை. அவர்கள் இடுப்பு உயரம்தான் இருப்பார்கள், கால் இரண்டும் கொக்குக் கால். எந்நேரமும் வாயில் பாட்டு. அடிபட்டு வந்து படுத்தாலும் பாட்டு. இரண்டு நாளைக்கு ஒருவராவது வந்துகொண்டே இருப்பார். "இந்தப் பாட்டுக்காரர்களுக்கு எதற்குப் போர்க்களம்? வீட்டில் இருக்கலாமே" என்று தித்தர் ஒரு தடவை வாய்விட்டே சொன்னார். பக்கத்துப் பாயில் படுத்திருந்த கின்னரன் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தான்.

எயினி வாயைத் திறக்கவில்லை என்றால் என்ன, இருபது வருஷம் படை நடத்தியவருக்கு வழியா இல்லை? தித்தர் தன் படுக்கைக்கு மேலே ஐந்து கயிறு தொங்கவிட்டார். இனத்துக்கு ஒன்று. அடிபட்டு ஒருவர் வந்தால் அந்த இனத்தின் கயிற்றில் ஒரு முடிச்சு. எவருக்கு முடிச்சு குறைவோ அவர் நன்றாகச் சண்டை போடுகிறார் என்று அர்த்தம். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

பதினோரு மாதத்தில் கின்னரர் கயிற்றில் இருநூற்றுப் பன்னிரண்டு முடிச்சு. பூதருக்கு நாற்பது. நாகருக்கு முப்பத்தொன்று. இயக்கருக்குப் பதினேழு.

அரக்கர் கயிற்றில் ஒன்றுகூட இல்லை.

அரக்கர் சண்டைக்குப் போகாமல் இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. இந்தப் பதினோரு மாதத்தில் அவர்களுடைய போர்முரசை ஒன்பது தடவை தித்தர் காதாலேயே கேட்டிருக்கிறார். ஒன்பது போர். ஒருவருக்குக்கூடக் காயம் இல்லை. காலையில் எழுந்ததும் அந்தக் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவருக்கு வழக்கமாகிவிட்டது. அப்படிப்பட்ட வீரர் இருக்கிற உலகத்தில் தானும் வாள் பிடித்தோம் என்று நினைத்தால் அவருக்கே கூச்சமாக இருந்தது.

எயினியை அழைத்துக் காட்டினார். அவள் அந்தக் கயிற்றை மேலிருந்து கீழ்வரை விரலால் உருவிப் பார்த்தாள்.

"நல்ல கயிறு" என்றாள். போய்விட்டாள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் கோவேறு கழுதை ஒன்று மூச்சிரைக்க மேடேறி வந்தது. அதிலிருந்து இறங்கியவள் தித்தரின் மகள் நக்கண்ணை. அவர் விட்டுவிட்டு வந்த படைத்தலைமையை இப்போது பார்ப்பவள் அவள்தான். இரண்டு நாள் தூங்காத முகம்.

"புறப்பட்டுவிட்டார்கள், அப்பா. இன்றிலிருந்து பத்து நாளில் மதிலடியில் இருப்பார்கள்."

"எவ்வளவு பேர்?"

"நாலாயிரம்."

"நம் பக்கம்?"

"ஆள் ஆயிரத்து இருநூறு உண்டு. ஆனால் மதிலுக்கு வரச் சொல்லி முரசு அடித்தால் முந்நூறு பேர்தான் வருகிறார்கள்."

"மற்றவர்கள்?"

"கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறார்கள்."

"கோழைப் பயல்கள்" என்றார் தித்தர்.

நக்கண்ணை அவரை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். செம்பை வாங்கித் தண்ணீர் குடித்தாள்.

"சபை காத்துக்கொண்டிருக்கிறது. பேரை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தேன். யார், அப்பா?"

அவர் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கயிறுகளைக் காட்டினார். எந்த முடிச்சு எதற்கு என்று விளக்கினார். கடைசிக் கயிற்றுக்கு வந்ததும் அவர் குரல் தானாகத் தாழ்ந்தது.

"ஒருவர்கூட இல்லையா?" என்று கேட்டாள் மகள்.

"ஒருவர்கூட இல்லை."

"ஒன்பது போரிலா?"

"ஒன்பது போரிலும்."

அவளும் அந்தக் கயிற்றைத் தொட்டாள். ஆயிரம் கவலையோடு வந்தவள் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் உயிர் வந்தது.

எயினி வாசலில் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தாள். தித்தர் அவள் எதிரே போய் நின்றார்.

"அம்மா, இத்தனை நாள் நீங்கள் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அரக்கர் என்று சொல்லி அனுப்பலாமா?"

அப்போது கிழக்கிலிருந்து முரசுச் சத்தம் வந்தது. எயினி காது கொடுத்துக் கேட்டாள்.

"பூதருக்கும் அரக்கருக்கும் பள்ளத்தில் சண்டை. நீங்கள் இதுவரை ஒரு சண்டையையும் நேரில் பார்த்ததில்லை, இல்லையா?"

"நீங்கள்தான் வேலை கொடுத்துக்கொண்டே இருந்தீர்களே, அம்மா."

"தப்புதான். இன்றைக்கு வேலை வேண்டாம், வாருங்கள். நீயும் வா, தங்கச்சி."

மூன்று பேரும் மேட்டின் கிழக்கு விளிம்புக்குப் போனார்கள். கீழே பெரிய பள்ளம். அதில் அங்கங்கே வெள்ளையாக, வளைந்து, கொடி படர்ந்து என்னென்னவோ நின்றன. பட்டுப்போன மரங்களாக இருக்கும் என்று தித்தர் நினைத்துக்கொண்டார். அவற்றைப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை. சண்டை தொடங்கிவிட்டது.

பூதர் அறுபது பேர். அரக்கர் பத்தொன்பது பேர்.

அரக்கர் மனிதரைப்போல இரண்டு மடங்கு உயரம் இருப்பார்கள். பூதர் முன்னால் அது ஒன்றுமே இல்லை, முழங்காலுக்கு வரும். கேடயம் கிடையாது, கவசம் கிடையாது, கையில் ஒரு தண்டு. அவர்கள் ஓடி வந்தார்கள். அந்த ஓட்டத்தில் சத்தமே இல்லை. கத்தவில்லை, கூவவில்லை. பூதர் வீட்டளவு பாறைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். ஓர் அரக்கன் பாறையை ஆகாயத்திலேயே தோளால் வாங்கி, அதே வேகத்தில் சுழன்று, வந்த பக்கமே திருப்பி விட்டான். மலை அதிர்ந்தது. தித்தரின் பல் கிட்டிப்போனது.

பள்ளத்தின் கிழக்கு முனையில் இரண்டு பாறைக்கு நடுவே ஒரு சந்து. அதை அடைத்துக்கொண்டு ஓர் அரக்கன் தனியாக நின்றான். அவன்மேல் பதினோரு பூதர் வந்தார்கள். தண்டு உடைந்தது. உடைந்த துண்டால் அடித்தான். அதுவும் போனபின் வெறுங்கையால் அடித்தான். அவன் கால் ஒரு சாண் பின்னால் போகவில்லை. குன்று குன்றாக இருந்த பூதர் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கினார்கள்.

தித்தர் அழுதுகொண்டிருந்தார். அழுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. வீரம் என்ற சொல்லை இருபது வருஷம் வாயில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார், அது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"அப்பா," என்று நக்கண்ணை அவர் தோளை இறுக்கிப் பிடித்தாள், "இவர்களில் பத்துப் பேர் போதும் நம் மதிலுக்கு."

"அங்கேயே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கீழே, கால்களுக்கு நடுவே பாருங்கள்" என்றாள் எயினி.

முதலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பள்ளத்தை ஒட்டிக் கின்னரரின் சோலை. சண்டை தொடங்கியபோது பள்ளத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்த கின்னரி ஒருத்தி கல்தெறித்து விழுந்து கிடந்தாள். அவளை நோக்கி நாலு கின்னரர் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு மூங்கில், நடுவில் ஒரு துணி. நாலு பேரும் பாடிக்கொண்டே, பாட்டுக்குத் தக்கபடி அடி வைத்து, நடந்தே போனார்கள். ஓடவில்லை.

அவர்கள் தலைக்கு மேலே பாறைகள் பறந்தன. பக்கத்தில் ஒரு பூதரின் பாதம் இறங்கியது. நின்றார்கள். பாதம் எழுந்தது. மறுபடி நடந்தார்கள். பாதிவழியில் நாலு பேரில் ஒருவன் விழுந்தான். மூன்று பேர் மூங்கிலைத் தோள் மாற்றிக்கொண்டு மேலே நடந்தார்கள். சோலைக்குள்ளிருந்து இன்னும் நாலு பேர் வந்தார்கள், விழுந்தவனுக்காக. அதில் ஒருத்தி விழுந்தாள். இன்னும் நாலு பேர் வந்தார்கள். பாட்டு மட்டும் எங்கேயும் அறுபடவில்லை. கடைசியில் மூன்று துணியில் மூன்று பேரை ஏந்திக்கொண்டு அத்தனை பேரும் திரும்பி நடந்தபோது, அடி எடுத்துவைக்கப் போன ஒரு பூதர் தூக்கிய காலைத் தூக்கியபடியே நிறுத்திக்கொண்டார். அவர்கள் கடந்து போன பிறகுதான் கீழே வைத்தார்.

தித்தருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"சாலைக்கு வந்த இருநூற்றுப் பன்னிரண்டு கின்னரரும் இப்படித்தான் வந்தார்களா, அம்மா?"

"இப்படித்தான்."

சண்டை முடிந்தது. ஜெயித்தவர்கள் அரக்கர்தான், அதில் பேச்சில்லை. பூதர் தங்கள் ஆட்களை முடிந்தவரை தூக்கிக்கொண்டு வடக்கே ஏறினார்கள். அரக்கர் கிழக்கே திரும்பினார்கள்.

சந்தில் தனியாக நின்ற அரக்கன் அங்கேயே கிடந்தான். கடைசிப் பாறை அவன் தொடையை முறித்திருந்தது. அரக்கர் ஊர் திரும்பும் வழி அந்தச் சந்துதான். பதினெட்டுப் பேரும் வரிசையாக வந்து அவனைத் தாண்டிப் போனார்கள். ஒருவனும் குனிந்து பார்க்கவில்லை. அவனும் யாரையும் கூப்பிடவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"அம்மா, அவன் உயிரோடு இருக்கிறான்."

"ஆமாம்."

"விட்டுவிட்டுப் போகிறார்களே. திரும்பி வருவார்களா?"

"இதுவரை வந்ததில்லை."

தித்தரின் பார்வை பள்ளத்தில் அங்கேயும் இங்கேயும் ஓடியது.

"அந்த வெள்ளையாக நிற்கிறதே, அது என்ன மரம்?"

"மரம் இல்லை. அரக்கரின் விலா எலும்பு."

தித்தர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒன்றா இரண்டா, பள்ளம் முழுக்க நின்றன. சிலதில் கொடி ஏறிப் பூத்திருந்தது. சிலதில் இன்னும் கொடி ஏறவில்லை, அது இந்த வருஷத்தியது. ஒன்பது போரிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர் படையில் சண்டை முடிந்தால் கூலிக்கு வண்டிக்காரர்கள் வருவார்கள், களத்தில் கிடப்பவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார்கள். அடிபட்டவன் எப்படியும் வந்து சேருவான் என்றுதான் இருபது வருஷமாக நினைத்திருந்தார். கொண்டுவர ஒருவர் வேண்டும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. வெட்கத்தில் அவருக்கு முகம் சுட்டது.

நக்கண்ணை அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒன்று சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. போன முற்றுகையில் வடக்கு வாசலுக்கு வெளியே முப்பத்தாறு பேர் விழுந்தார்களே."

"தெரியும்."

"தெரியாது. நீங்கள் தெற்குப் பக்கம் இருந்தீர்கள். நான் அந்த வாசலுக்கு மேலே, மதிலில் நின்றேன். வண்டிக்காரர்கள் வெளியே போக மாட்டோம் என்றார்கள். வாசலைத் திறக்கக் கூடாது என்று நீங்கள் கட்டளை போட்டீர்கள். இரண்டு நாள் கூப்பிட்டார்கள், அப்பா. ஒவ்வொருவர் பேராகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். குயவர் தெருவில் ஒருத்தி காதில் மெழுகு வைத்துக்கொண்டு சமைத்தாள். மூன்றாம் நாள் சத்தம் நின்றது. அதைக் கேட்ட ஊர்தான் இப்போது கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறது. அவர்களைப் போய்க் கோழை என்கிறீர்கள்."

தித்தர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அந்த முப்பத்தாறில் பாதிப் பேரின் பேர் அவருக்கு நினைவில் இருந்தது. மீதிப் பேர் நினைவுக்கு வரவில்லை, அதுதான் அவரை அதிகமாக வதைத்தது.

கையை ஊன்றி எழுந்தார்.

"அம்மா, சாலைக்குக் கொண்டுவந்தால் வைத்தியம் உண்டு என்பதுதானே சட்டம்? யார் கொண்டுவர வேண்டும் என்று இருக்கிறதா?"

"அப்படி ஒன்றும் இல்லை."

அவள் சொல்லி முடிப்பதற்குள் தித்தர் சரிவில் இறங்கத் தொடங்கிவிட்டார். மடங்காத காலை நீட்டி, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். மகள் பின்னாலேயே போனாள்.

கிட்டே போய்ப் பார்த்தபோது அரக்கன் இன்னும் பெரியவனாகத் தெரிந்தான். முகம் மட்டும் ஒரு முறம் அளவு இருந்தது. கண் திரும்பி அவரைப் பார்த்தது.

"கொல்ல வந்தாயா?"

"இல்லை."

"அடிமையாகப் பிடித்துப் போகவா?"

"இல்லை."

"பின்னே எதற்கு?"

தித்தர் அவன் கால்மாட்டுக்குப் போய்க் குனிந்தார்.

"காலைப் பிடிக்கிறேன். வலிக்கும்" என்றார்.

பிடித்தார்கள். அசையவில்லை. அப்பாவும் மகளும் சேர்ந்து அவனுடைய ஒரு கையைக்கூடத் தரையிலிருந்து எடுக்க முடியவில்லை. எயினியும் இறங்கி வந்தாள். மூன்று பேரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். சோலை ஓரத்தில் ஒரு முதிய கின்னரி நின்று இதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"போய்விட்டாள்" என்றாள் நக்கண்ணை.

போகவில்லை. நாற்பது பேரோடு திரும்பி வந்தாள். எட்டு மூங்கில், நாலு துணி. இவன் யார், எங்கள் சோலையில் கல் விழுந்தது யாரால் என்று ஒருவரும் கேட்கவில்லை. துணியை அவனுக்கு அடியில் செருகினார்கள். தித்தர் ஒரு மூங்கிலைத் தோளில் வைத்தார். முதியவள் வந்து அவர் இடுப்பைப் பிடித்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினாள்.

"இப்படி நில். பாட்டைக் கேட்டு அடி வை. உன் இஷ்டத்துக்கு வைக்காதே."

இருபது வருஷம் மற்றவர்களுக்கு அடி வைக்கச் சொல்லிக்கொடுத்தவர், சரி என்று தலையாட்டினார். பாட்டு தொடங்கியது. அரக்கன் தரையை விட்டு எழும்பினான். தோளில் அந்தப் பாரம் ஏறியதும் தித்தருக்குக் கண் இருட்டியது. ஆனால் அடுத்த அடியில் பாரம் நகர்ந்தது, அதற்கு அடுத்த அடியில் பாதியாகத் தெரிந்தது. தன் முட்டிக்கால் மடங்காததை அவர்கள் பாட்டு எப்படியோ கண்டுகொண்டு ஒரு தாளம் விட்டுப் பிடிப்பதைப் பாதிவழியில்தான் அவர் கவனித்தார். நாற்பது பேரும் அந்த நொண்டி நடையிலேயே நடந்துகொண்டிருந்தார்கள்.

மேட்டில் ஏறும்போது அரக்கன் கையை எடுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டான். பதினோரு பூதரை எதிர்த்து நின்றபோது வராத சத்தம் அவன் நெஞ்சிலிருந்து வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாலைக்கு வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. எயினி எலும்பைச் சேர்த்துக் கட்டினாள். கின்னரர் வந்த வழியே போய்விட்டார்கள். நக்கண்ணை கழுதைக்குத் தண்ணீர் காட்டினாள், சேணத்தை இறுக்கினாள், பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

தித்தர் கன்றிப்போன தோளோடு எயினியிடம் வந்தார்.

"அம்மா, சபைக்கு யார் பேரைச் சொல்ல?"

"உங்களுக்கு யார் பேரைச் சொல்லத் தோன்றுகிறது?"

"கின்னரர்."

"அவர்கள் யாருக்கும் சத்தியம் செய்து கொடுப்பதில்லை. சோலையை விட்டு வரவும் மாட்டார்கள்."

"அரக்கர் வேண்டாம். கின்னரர் வர மாட்டார்கள். நாலாயிரம் பேர் வந்துகொண்டிருக்கிறார்கள், அம்மா. வெறுங்கையோடு என் மகளை எப்படி அனுப்புவேன்?"

எயினி கையில் இருந்த மருந்தை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"எத்தனை நாள் இருக்கிறது என்றாள்?"

"பத்து. ஊர் போய்ச் சேர இரண்டு போனால், எட்டு."

"உங்கள் ஊரில் மூங்கில் உண்டா?"

"ஆற்றங்கரை முழுக்க."

"துணி வீட்டுக்கு வீடு இருக்கும்; விழுந்தால் தூக்கி வர ஆள் உண்டு என்று தெரிந்தால் தாழ் போட்ட கதவும் திறக்கும். எட்டு நாள் தாராளம். நீங்களும் கூடப் போய் வெட்டுங்கள்" என்றாள் எயினி.